பையன் முதுகில் வந்தது படை இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவியில் சலூன் கடை வைத்திருக்கிறேன். 22 வருடமாக உங்கள் பேப்பர் என் கடைக்கு வருகிறது. காலை ஆறரைக்கு வந்து விழும். ஏழு மணிக்குள் நடுப்பக்கம் ஒருவர் கையிலும் விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையிலும் போய்விடும். கடை அடைக்கிற நேரத்தில்தான் மிச்சம் எனக்குக் கிடைக்கும். அப்படி மிச்சமாகக் கிடைத்த போன ஞாயிற்றுக்கிழமைத் தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்ட விளம்பரம். படை, தேமல், அரிப்பு, வண்டுக்கடி எதுவானாலும் ஒரே களிம்பு, மூன்றே நாளில் குணம் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அதே மாதிரி ஒரு களிம்பை என் காசைக் கொடுத்து வாங்கி, என் தங்கை மகன் உடம்பில் தேய்க்கச் சொன்னவன் நான்.

பையனுக்கு 23 வயது. கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற கட்டிங் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஆற்றில் குளித்துவிட்டுத் துவட்டும்போது, "மாமா, இது என்னன்னு பாருங்க" என்று இடது விலாவைக் காட்டினான். என் உள்ளங்கையில் பாதி அளவுக்கு, நீள்வாட்டில் ஒரு வட்டம். கொஞ்சம் செம்பழுப்பு நிறம். ஓரத்தில் லேசாகச் சொரசொரப்பு. அரிக்கிறதா என்று கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்றான்.

"படைலே. ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டே நிக்கேல்லா, அதான்" என்று சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முப்பது வருடமாகப் பிடரியும் கழுத்தும் பார்க்கிறவன், எனக்குத் தெரியாத படையா என்கிற நினைப்பு. உண்மையில் படர்தாமரை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் வெளி ஓரம்தான் குறுகுறுவென்று தடித்துச் சிறு பொரிகளோடு இருக்கும், நடு தெளிந்துகொண்டே வரும், வேர்த்தால் அரிப்பில் ஆளை உட்கார விடாது. அரைஞாண் கயிறு கிடக்கிற இடம், தொடை இடுக்கு, அக்குள் இதெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் துண்டு வழியாக நாலு பேருக்கும் வரும். இவ்வளவும் தெரிந்த நான் பையன் விலாவைச் சரியாகக் குனிந்து பார்க்கவில்லை.

மருந்துக் கடையில் போய்ப் படைக்கு என்று கேட்டால் சீட்டா கேட்கப் போகிறார்கள்? ஒரு டியூப் எடுத்துத் தந்தார்கள். பத்து நாள் தேய்த்தான். அந்த வட்டம் கொஞ்சம் வெளிறியது. சரி, கேட்கிறது என்று நினைத்தோம். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, நெஞ்சில், வயிற்றில், முதுகில், மேல்கையில், கழுத்தோரத்தில் சின்னச் சின்னதாகக் கிளம்பிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், முதுகில் மட்டும் முப்பதுக்கு மேல்.

சலூனில் ஒரு வசதி, பின்னங்கழுத்தைக் காட்டுகிற கைக்கண்ணாடி உண்டு. கடையை அடைத்தபின் அவனைப் பெரிய கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, கைக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, டியூப் லைட்டைப் போட்டேன். அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முட்டை வடிவில் இருந்தது. ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல் ஒரு வளையமாக உரிந்து நின்றது. அந்தச் சருகின் தூக்கிய நுனி நடுப்பக்கம் பார்த்திருந்தது. எல்லா முட்டைகளும் ஒரே சாய்வில், முதுகெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இறங்கின. படைக்கு இப்படி வரிசை கட்டத் தெரியாது. என் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "சாளை முள்ளு மாதிரில்லா இருக்கு" என்றாள்.

சொன்ன வாயோடு அன்றைக்கே அவனுக்குச் சாளைக் கருவாட்டை நிறுத்திவிட்டாள். கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று போய்விட்டது. குப்பைமேனி இலையையும் உப்பையும் அரைத்துப் போட்டதில் எரிச்சல் தாங்காமல் பையன் கிணற்றடிக்கு ஓடினான். பிறகு அவளே அக்கி என்று சொல்ல, வேளாரிடம் கூட்டிப் போய்க் காவி எழுதி வந்தார்கள். வேளார் நல்ல மனிதர். எழுதிவிட்டு, "தாயி, அக்கின்னா ஒரு பக்கமாத்தான் கொப்புளம் போடும், வலி உயிர் போகும். இது அதுமாதிரி தெரியல" என்று அவரே சொல்லித்தான் அனுப்பினார். எங்களில் முதலில் சரியாகப் பார்த்தவர் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டு வைத்தியத்தைவிடப் பெரிய தொல்லை கடையில். அரைக்கைச் சட்டை போட்டு வேலை செய்கிறவனுக்கு மேல்கையையும் கழுத்தையும் எங்கே மறைக்க? "அண்ணாச்சி, பையனுக்கு ஏதும் ஒட்டுவாரொட்டியா?" என்று நேராகக் கேட்டவர்கள் தேவலை. கேட்காமல், "நீங்க வெட்டுனா நல்லாருக்கும், நான் காத்திருக்கேன்" என்றவர்கள்தான் அதிகம். நான் ஒவ்வொரு ஆளுக்கும் புது அரை பிளேடு, துவைத்த துணி, டெட்டால் என்று எல்லாம் ஒழுங்காகச் செய்கிறவன். அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் என் காதருகே குனிந்து, குட்டத்தின் ஆரம்பமாக இருக்கப் போகிறது என்றார். இன்னொருவர் கண்ணடித்து, பையன் எங்கெல்லாம் போய் வருகிறான் என்று விசாரி என்றார். இரண்டையும் பையன் கேட்டுவிட்டான். மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை. காலை முதல் பஸ்ஸில் அவனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பத்தமடை தாண்டும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. சுற்றிலும் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். சட்டையைக் கழற்றச் சொன்னதும் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்டரம்மா முதுகைப் பார்த்தார். உடனே எதுவும் சொல்லாமல், "தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு மட்டும் பெருசா வந்துச்சா?" என்று கேட்டார். விலாவைக் காட்டினோம். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு. பிள்ளைகளைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார். ஒரு பையன் "பிட்டிரியாசிஸ் ரோசியா" என்றான்.

அதன்பிறகு அங்கே நடந்தது பாதி வைத்தியம், பாதி வகுப்பு. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. தனியாகப் போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார்கள். பெயர் வைத்தது யார் என்று டாக்டரம்மா கேட்க, ஜிபேர் என்கிற பிரெஞ்சு டாக்டர், 1860-ல் என்று ஒரு பெண் சொன்னாள். பிட்டிரியாசிஸ் என்பது கிரேக்க மொழியில் தவிட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். தவிடு மாதிரி உதிர்வதால் அந்தப் பெயர். ரோசியா என்றால் ரோஜா நிறம். அந்த இடத்தில் நான் பையன் முதுகைப் பார்த்தேன். ரோஜா எங்கே இருக்கிறது? எங்கள் தோலில் அது புளியங்கொட்டை நிறத்தில்தான் இருந்தது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வருகிற பெரிய வட்டத்துக்கு ஹெரால்டு பேட்ச் என்று பெயர். ஹெரால்டு என்றால் என்ன தம்பி என்று பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். ராஜா வருகிறார் என்று முன்னால் வந்து சொல்கிறவர் என்றான். நம்ம கட்டியக்காரன். அவன் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் மற்றவை கூட்டமாக வரும். ஆக, எங்கள் களிம்பால் அது பரவவும் இல்லை, களிம்பால் அது நிற்கவும் இல்லை. வர வேண்டியது வந்திருக்கிறது.

அந்தச் சாய்வு வரிசைக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். மரத்தின் கிளை இரண்டு பக்கமும் சரிவது மாதிரி என்றார்கள். எனக்கு என் தங்கையின் சாளை முள்தான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது. ஏன் அப்படிச் சாய்கிறது என்பதற்கு டாக்டரம்மா சொன்ன விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. முடிக்கு வாட்டம் உண்டு. மேல்வாட்டம், கீழ்வாட்டம் பார்க்காமல் கத்தி வைத்தால் தோலைக் கீறிவிடும். அதேபோலத் தோலுக்கும் உள்ளே இழுவிசையின் வாட்டம் இருக்கிறது. லாங்கர் என்று ஆஸ்திரியாவில் ஒரு உடற்கூறு டாக்டர், 1861-ல், பிணங்களின் தோலில் வட்ட முனையுள்ள ஊசியால் குத்திப் பார்த்தாராம். குத்தியது வட்டம், ஓட்டை விரிந்தது நீளவாட்டில். அந்த நீளங்களைக் கோடாக இணைத்து உடம்பு முழுக்க வரைந்துவிட்டார். இந்தத் தடிப்புகள் அந்தக் கோடுகளின் வழியே நீண்டு கிடக்கின்றன. முப்பது வருடத் தொழிலில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சரி, சோதனைகள். ஒரு சின்னக் கத்தியின் அலகை எடுத்து, ஓரத்திலிருந்த தவிட்டைக் கண்ணாடித் தகட்டில் சுரண்டினார்கள். நாங்கள் கிருதாவுக்குக் கத்தி படுக்க வைக்கிற அதே சாய்வு. ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். படர்தாமரையாக இருந்தால் காளானின் இழை தெரியுமாம். தெரியவில்லை. ஆனால் நாங்கள் களிம்பு தேய்த்து வந்திருந்ததால், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சுரண்ட வேண்டியதாயிற்று. பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொட்டார்கள். தொட்ட இடத்தையெல்லாம் பையன் சரியாகச் சொன்னான். குட்டம் என்றால் அந்தத் தேமலில் உணர்ச்சி குறைந்திருக்கும். கடைப் பெரியவரின் சந்தேகம் அந்தப் பஞ்சோடு போயிற்று. புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டானா என்றும் கேட்டார்கள். சில மாத்திரைகள் இதே மாதிரி தடிப்பைக் கிளப்புமாம்.

அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் எல்லாம் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்க எழுதினார் டாக்டரம்மா. எதற்கு என்று கேட்டேன். மேகநோய்க்கு என்று மறைக்காமல் சொன்னார். சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் வருகிற தடிப்பு இதே வேஷத்தில் வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வந்தால் அதிலும் சந்தேகம் கூடும், அதனால் வயசுப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்துவிடுவது வழக்கம், யாரையும் குறை சொல்வதற்காக இல்லை என்றார். அது ஊசி மருந்தில் முழுதாகக் குணமாகிற நோய்தான், ஆனால் விட்டுவிட்டால் பின்னால் கெடுதல், அதனால் பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். முடிவு வரும்வரை பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று சீட்டு வந்ததும் அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கண்ணடித்தவரிடம் காட்டவோ என்னவோ. நான் கேட்கவில்லை.

எதனால் வருகிறது என்றால், ஒரு வைரஸ் என்று பலமான சந்தேகம், முழுக்க நிரூபிக்கப்படவில்லை. ஹெர்பீஸ் குடும்பத்தில் ஆறாவது, ஏழாவது வைரஸ்கள். இவை சிறுவயதிலேயே கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலும் நுழைந்து சத்தமில்லாமல் கிடக்கின்றன. எப்போதாவது ஒருவருக்கு விழித்துக்கொள்ளும்போது இப்படித் தோலில் தெரிகிறது என்கிறார்கள். பத்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில்தான் அதிகம். தொட்டால், துண்டு மாற்றினால், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் ஒட்டுகிற சங்கதி கிடையாது. அக்கியைக் கொடுக்கிற வைரஸும் அதே ஹெர்பீஸ் குடும்பம்தான் என்று கேள்விப்பட்டு என் தங்கைக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னது சொந்தக்காரனைத்தானே" என்கிறாள்.

மருந்து? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். தேங்காய் எண்ணெய், மிதமான சூட்டில் குளியல், காரமில்லாத சோப்பு, அரித்தால் காலமின் லோஷன், ராத்திரிக்கு அரிப்பு மாத்திரை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வேர்த்து ஊற வேண்டாம், இலை தழை எதுவும் அரைத்துப் போட வேண்டாம். கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம். ஆறிலிருந்து எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம். அதுவாக வந்தது அதுவாகப் போகும். மூன்று மாதம் தாண்டியும் நின்றால் திரும்ப வாருங்கள் என்றார். பின்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் பயந்துபோய்க் கேட்டதற்கு, இன்னொருவருக்கு இருப்பதால் உனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் உனக்கே இந்தத் தடிப்பு வந்தால், முக்கியமாக முதல் 15 வாரத்துக்குள் வந்தால், உடனே டாக்டரிடம் காட்டு, கரு கலைகிற வாய்ப்பு கூடுவதாகப் பார்த்திருக்கிறோம் என்றார். இதை எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

கடைசியாக என் பையிலிருந்த டியூபை எடுத்துக் காட்டினேன். அதுவரை சாந்தமாக இருந்த டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் ஒரு காளான் மருந்து, ஒரு கிருமி மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. பையனுக்கு வந்தது தானாக ஆறுகிற சங்கதி, அதனால் பிழைத்தீர்கள் என்றார். இதுவே உண்மையான படர்தாமரையாக இருந்திருந்தால், ஸ்டீராய்டு மேலே சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், காளான் அடியில் நிம்மதியாகப் பரவும், ஓரம் கலைந்து போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிறு மாதிரி வரிவரியாக விழுந்துவிடும். அந்த வரி மறையாது. ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அவற்றை 'அட்டவணை எச்' (Schedule H) என்கிற மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். டியூபின் முதுகில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் நீங்களாகத் தேய்க்காதீர்கள் என்று சொல்லி, அந்தப் பெயர்களை ஒரு பிள்ளையிடம் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அந்தத் தாள் இப்போது என் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. முகம் வெளுக்கும் என்று சில சலூன்களில் தடவுகிற கிரீம்களிலும் இதே சங்கதி இருக்கிறது என்பதை எங்கள் தொழில்காரர்களும் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் வாயால் நாங்களே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

பையன் அடுத்த வாரமே கடைக்கு வந்தான். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் மட்டும், முதல் நாளே, என் நாற்காலி காலியாக இருந்தும் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் சட்டையைக் கழற்றியபோது தடிப்பு எதுவும் இல்லை. முட்டை முட்டையாகக் கருநிழல் மட்டும் இருந்தது. நம் தோலில் அந்த நிழல் சில மாதம் இருந்துதான் போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆடி வரை இருந்தது. முதலில் வந்த அந்தக் கட்டியக்காரன் இருந்த இடம் மட்டும் இன்னும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஐயா, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, அந்தக் கட்டம் போட்ட விளம்பரம். விளம்பரத்தில்தான் பேப்பர் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்தக் களிம்பில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடலாம்.

இன்னொன்று, உங்கள் ஞாயிறு மலரில் தோல் வியாதி பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் படங்களைப் பார்க்கிறேன். எல்லாம் வெள்ளைக்காரர் முதுகு. அதில் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது, படிக்கிறவர் தன் முதுகில் தேடுகிறார், இங்கே அந்த நிறமே வராது. அதனால்தான் பிறகு படை என்றும் அக்கி என்றும் குட்டம் என்றும் ஆளுக்கொரு பெயர் வைக்கிறோம். நம் நிறத் தோலில் இது எப்படி இருக்கும் என்று ஒரு படம் போடுங்கள். நாலாவது வாரத்தில் கைக்கண்ணாடி வைத்து நான் எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. சாய்வு வரிசை தெளிவாகத் தெரிகிறது. பையனிடம் கேட்டேன். முகம் தெரியாது என்றால் சரி என்கிறான். எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
சலூன் கடைக்காரர், சேரன்மகாதேவி
(பையனுக்காக, பெயரை வெளியிட வேண்டாம்)